ஊராட்சியின் ஏடுகளும் ஊரில் வாழ்வோரும்: முதலிபாளையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வினா

திருப்பூர் மாநகரின் கிழக்கு விளிம்பில், நல்லூருக்கு அப்பால் அமைந்துள்ள முதலிபாளையம், திருப்பூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராம ஊராட்சியாக நிர்வகிக்கப்பட்டு வந்த ஊர். சிட்கோ தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. பின்னலாடைத் தொழிலைக் கற்பிப்பதற்கென்று ஏற்றுமதியாளர்களின் முயற்சியால் தோன்றிய நிஃப்ட்-டீ கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. சோளமும் கம்பும் விளைந்த மானாவாரி நிலங்களுக்கு நடுவே நிட்டிங் கூடங்களும் பிரிண்டிங் பட்டறைகளும் தையல் கம்பெனிகளும் எழும்பி, அவற்றில் வேலை செய்ய மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும், பிறகு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வந்து, அவர்கள் தங்குவதற்காக ஒரே கூரையின் கீழ் எட்டும் பத்துமாக அறைகளை அடுக்கிக் கட்டிய லைன் வீடுகள் பெருகிய கதை, திருப்பூரைச் சூழ்ந்த அநேக ஊர்களின் கதையாகும். இந்த லைன் வீடுகளில் வாழ்கிறவர்கள் ஊராட்சியின் குடிகளா, வீட்டு ஓனரின் வாடகைதாரர்கள் மட்டுமா என்பதே இக்கட்டுரை பரிசீலிக்க விரும்பும் வினா.

ஸ்தல ஸ்தாபனங்களின் சேவைகள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. எட்டாமல் போவதன் காரணம் எது என்பதில்தான் பேதம் இருக்கிறது. படியேற முடியாமை, எழுதப் படிக்கத் தெரியாமை, இணையத்தைக் கையாளத் தெரியாமை ஆகியவை காரணங்களாகப் பொதுவில் சொல்லப்படுகின்றன. அவை மெய்யான காரணங்களே. ஆனால் தொழிற்பேட்டை சார்ந்த ஓர் ஊராட்சியில் அவை அனைத்துக்கும் முன்னதாக வேறொரு தடை நிற்கிறது: தன் எல்லைக்குள் வாழும் மனிதர்களை அறிந்துகொள்ள ஊராட்சி கைக்கொண்டிருக்கும் ஏடுகளிலேயே அவர்களுக்கு இடமில்லை. இதை நிறுவ முயல்வதே என் நோக்கம்.

இதுவரை சொல்லப்பட்டவை

சேவைகள் எல்லோருக்கும் எட்டுவது குறித்த சிந்தனை நம் நாட்டில் மூன்று வழிகளில் நடந்து வந்திருக்கிறது. அவற்றில் மிகப் பழையதும், என் மதிப்பில் மிக ஆழமானதும், சாதியின் பெயரால் பொது இடங்கள் மூடப்பட்டிருந்ததை எதிர்த்து எழுந்த வழியாகும். சென்னைச் சட்டசபையில் 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானம், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அரசாங்க அலுவலகங்களும் எல்லா வகுப்பாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கோரியது. அதன்பின் 1938இல் வந்த சென்னை மாகாணச் சமூக இடையூறுகள் நீக்கச் சட்டமும், அரசியல் சாசனத்தின் 15ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவும் அதே கோட்பாட்டை முறையே மாகாணத்துக்கும் நாட்டுக்கும் விதியாக்கின. பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை யாருடைய தயவாலும் வருவதன்று என்பது அந்தத் தீர்மானத்தின் சாரம். இன்று நாம் சேவை என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டிய வாக்கியம் அது; நூறு ஆண்டுகள் கழிந்தும், கொங்கு நாட்டுக் காலனிகளில் குழாயும் சாக்கடையும் ஊர்ப் பகுதியைக் காட்டிலும் தாமதமாகவே போய்ச் சேர்வதைக் கண்டவர்கள், அந்த வாக்கியம் பழமையாகிவிட்டதென்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது வழி, உடற்குறையுடையோரின் நீண்ட போராட்டத்தால் திறந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் ஐந்தாண்டுக்குள் அவர்கள் அணுகத்தக்கவையாக்கக் கட்டளையிட்டது. அந்தக் கெடு கழிந்தும் நிலைமை பெரிதும் மாறாதிருப்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் வழங்கிய தீர்ப்பில், அணுகுமை விதிகள் பரிந்துரைகளாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமானவையாக வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க வழிசெய்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளைக் கொண்ட மாநிலத்தில் இது சிறிய காரியமன்று. சாய்தளம் கட்டுவதோடு நில்லாமல், முடிவெடுக்கும் மேசையில் இடமளிக்க வேண்டும் என்ற உணர்வு இதில் தெரிகிறது. பின்னால் இந்த உணர்வுக்கே திரும்பி வருவேன்.

மூன்றாவது வழி நிர்வாகத்தாருடையது. இ-சேவை மையங்கள், 2023இல் தொடங்கிய ஊராட்சி மணி என்னும் தொலைபேசிக் குறைகேட்பு, அதே ஆண்டில் வந்த இணையவழி வரி செலுத்தும் முறை, 2023 டிசம்பரில் கோவையில் தொடங்கிய மக்களுடன் முதல்வர் முகாம்கள், 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் தொடங்கிப் பத்தாயிரம் முகாம்களாகத் திட்டமிடப்பட்ட உங்களுடன் ஸ்டாலின் என்று இவ்வழியில் செய்யப்பட்டவை பல. ஊரகப் பகுதிகளில் 15 துறைகளின் 46 சேவைகளை ஒரே பந்தலின் கீழ்க் கொண்டுவந்த முகாமின் பயனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து களைத்த ஒரு விதவைக்கு, ஓய்வூதிய மனு வீட்டுக்கு அருகிலேயே வாங்கிக்கொள்ளப்படுவது பெரிய ஆறுதல். ஆயினும் முகாமுக்கு வருகிறவர், ஏற்கெனவே அரசின் ஏதோ ஓர் ஏட்டில் பெயருள்ளவர். பெயரே இல்லாதவர் முகாமில் எந்த மேசையின் முன் நிற்பார்?

மூன்று ஏடுகள்

ஊராட்சி தன் குடிகளை அறிந்துகொள்வது மூன்று ஏடுகளின் வாயிலாக. முதலாவது வீட்டுவரி ஏடு. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884இல் சென்னை மாகாண ஸ்தல போர்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, கிராமங்களைச் சேர்த்து யூனியன்கள் அமைத்து அவற்றுக்கு வீட்டுவரி விதிக்கும் அதிகாரம் அளிக்கப்பட்டது. அன்று தொடங்கி இன்றுவரை ஊராட்சிக்கும் குடிமகனுக்கும் இடையிலான முதல் உறவு வீட்டின் மூலமாகவே நிகழ்கிறது. வீடு என்றால் கட்டடம். கட்டடம் என்றால் உரிமையாளர். குடிநீர் இணைப்பு அவர் பெயரில், வைப்புத்தொகை அவர் பெயரில், ரசீது அவர் பெயரில். பத்து அறைகள் கொண்ட லைன் வீட்டில் பத்துக் குடும்பங்கள் வாழ்ந்தாலும், ஏட்டில் இருப்பது ஒரு வரி விதிப்பு எண்ணும் ஒரு மனிதரும்தான்.

இதன் விளைவை அருகில் நின்று பார்க்க வேண்டும். முற்றத்தின் மூலையில் ஒரே குழாய். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறவர் எந்த வேளையில் வால்வைத் திருப்புவார் என்பதை அறிந்தவர் ஓனரம்மா ஒருவரே. தண்ணீர் திறந்துவிடுகிறவரின் தொலைபேசி எண் ஓனரம்மாவிடம் இருக்கிறது. தண்ணீர் வரும் வேளையில் அறைகளில் இருப்போர், இரவு ஷிப்டு முடித்து உறங்குகிறவர்களும், வீட்டிலிருந்தே பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கும் பெண்களும், அவர்களுடைய குழந்தைகளும். பகல் ஷிப்டுக்குப் போனவர்களின் குடங்கள் வரிசையில் நின்றாலும், அவற்றை நிரப்ப ஆள் வேண்டும். குழாய் பழுதானால் யாரிடம் சொல்வது என்று கேட்டால், ஓனரிடம் என்பதே விடை. சாக்கடை அடைத்தாலும் அதே விடை. தெருவிளக்கு எரியாவிட்டாலும் அதே விடை. நல்ல ஓனர் வாய்த்தவருக்கு ஊராட்சி நல்லதாக இருக்கிறது. வாடகை பாக்கியுள்ளவரோ, ஓனரோடு மனஸ்தாபம் உள்ளவரோ, பொதுக் குழாயைப் பற்றி முறையிடத் துணிவதில்லை. முறையிட்டால் அறையைக் காலி செய்ய நேரிடும் என்ற அச்சமே காரணம். பொதுச் சேவை ஒன்று தனிமனிதரின் குணத்தைப் பொறுத்ததாக மாறும் இந்த இடத்தில்தான் 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் சாரம் மீறப்படுகிறது என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது ஏடு வாக்காளர் பட்டியல். 1993 ஏப்ரல் 24 முதல் அமலுக்கு வந்த 73ஆம் சாசனத் திருத்தம் கிராமசபை என்பதை வரையறுக்கும்போது, ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பதிவுபெற்றோரின் சபை என்றே கூறுகிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதையே பின்பற்றுகிறது. தன் ஊரின் வாக்குரிமையை ஒடிசாவின் ஒரு கிராமத்திலோ உசிலம்பட்டிப் பக்கத்திலோ வைத்துக்கொண்டு இங்கே பல ஆண்டுகளாக வாழும் தொழிலாளி, கிராமசபையின் உறுப்பினர் ஆகார். அவர் விரும்பினால் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று சொல்வோர் உண்டு. சட்டம் அதற்கு இடம் தருகிறது என்பது உண்மை: 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வீட்டுடைமையைக் கேட்பதில்லை, வழக்கமாக வசிப்பதையே கேட்கிறது, வீடு சொந்தமாக இருப்பது மட்டும் வசிப்புக்குச் சான்றாகாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் வசிப்புக்கு ஆதாரம் கேட்கும் நடைமுறை வேறு வகையானது. வாடகை ஒப்பந்தப் பத்திரம் லைன் வீட்டில் கிடையாது. மின் கட்டண ரசீது ஓனர் பெயரில் இருக்கிறது. இரண்டாவது ஏட்டுக்குள் நுழையவும் முதல் ஏட்டின் உரிமையாளரிடமே சாவி இருக்கிறது.

மூன்றாவது ஏடு குடும்ப அட்டை. இதில் மட்டும் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1 முதல் பங்கேற்று வருவதால், பீகாரின் அட்டையைக் கொண்டு இங்கே அரிசியும் கோதுமையும் பெறலாம். மாநில அரசு தன் அட்டைதாரருக்குத் தரும் பருப்பும் பாமாயிலும் அதில் சேரா. உரிமை மனிதனோடு நடந்து வரக்கூடியது என்பதை இத்திட்டம் நிரூபித்துவிட்டது. உணவுக்கு இயன்றது குடிநீருக்கும் முறையீட்டுக்கும் ஏன் இயலாது என்று கேட்க அது நமக்கு வலுத் தருகிறது.

இங்கே நான்காவதாக ஓர் ஏட்டைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். இதுவரை இவ்விவாதத்தில் அது போதிய கவனம் பெறவில்லை. தொழில்வரியைத் தமிழ்நாட்டில் வசூலிப்பவை உள்ளாட்சிகளே. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த ஊழியரிடமும் அதைப் பிடித்தம் செய்து செலுத்துவது முதலாளியின் கடமை. மாதத்துக்கு 3,500 ரூபாய் என்பதே அந்த வரம்பு ஆகையால், தையல்காரரும் கட்டிங் மாஸ்டரும் செக்கிங் பெண்ணும் ஒருவர் பாக்கியில்லாமல் அதற்குள் வருவார்கள். அப்படியானால், கிராம ஊராட்சி எல்லையிலுள்ள கம்பெனியில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் இளைஞர், சட்டப்படி அந்த ஊராட்சியின் வரி செலுத்துவோர். வெள்ளையர் காலத்து ஸ்தல போர்டுகளில் வரி செலுத்தியவருக்கே வாக்கு இருந்தது. அந்தக் குறுகிய விதியை உடைத்து, வரி செலுத்தாத ஏழைக்கும் வாக்கு உண்டு என்று சுதந்திர இந்தியா மாற்றியது நம் ஜனநாயகத்தின் பெருமை. அந்த மாற்றத்தின் எதிர்பாராத மிச்சமாக, வரி செலுத்தியும் சபையில் இடமில்லாத ஒரு வகுப்பு இன்று உருவாகியிருக்கிறது. பழைய விதிப்படியும் அவர் உறுப்பினராக வேண்டியவர். புதிய விதிப்படியும் ஆகத்தக்கவர். நடப்பில் இரண்டும் இல்லை.

வேளையும் நீரளவும்

ஏட்டில் பெயர் இருப்பவர்க்கும் ஊராட்சி எட்டிவிடுவதில்லை. பனியன் கம்பெனியின் நாள் காலை எட்டரைக்குத் தொடங்குகிறது. ஒரு ஷிப்டு மாலை ஐந்தரை வரை. வேலை நெருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்டு, அதாவது இரவு எட்டரை வரை. ஊராட்சி அலுவலகமும் கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகமும் இ-சேவை மையமும் திறந்திருக்கும் வேளை முழுவதும் ஷிப்டுக்குள் அடங்கிவிடுகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அரை நாள் விடுப்பு என்பது அரை நாள் கூலி. தையல் லைனில் ஓர் ஆள் குறைந்தால் பின்னால் உள்ளவர் கையும் நிற்கும் என்பதால் கான்ட்ராக்டரின் கடுஞ்சொல்லும் கூடவே வரும். இலவசமாகத் தரப்படும் ஒரு சான்றிதழின் உண்மையான விலை இதுதான். உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளிக்கும் இது பொருந்தும். வயதான பெற்றோரின் ஓய்வூதிய விவகாரத்துக்கு, தேய்ந்த விரல் ரேகையை இயந்திரம் ஏற்காமல் திரும்பத் திரும்ப அழைக்கும்போது, உடன் போக வேண்டிய மகளும் கம்பெனியில்தான் இருக்கிறாள்.

கிராமசபைக் கூட்டங்களின் தேதிகளை இந்தக் கண்கொண்டு பார்த்தால் ஒரு செய்தி புலப்படுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி தொழிற்சாலைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்கள். எனவே அந்த நான்கு சபைகளுக்கும் தொழிலாளி வர இயலும். 2022இல் அரசாங்கம் கூட்டங்களை ஆறாக உயர்த்தி, மார்ச் 22ஆம் நாளான உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1ஆம் நாளான உள்ளாட்சி தினத்தையும் சேர்த்தது. கூட்டங்கள் அதிகமானது நற்செயலே. ஆனால் இவ்விரு நாட்களும் அச்சட்டத்தின் விடுமுறைகள் அல்ல. தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கென்றே குறிக்கப்பட்ட சபைக்கு, தண்ணீருக்காக மிகுதியாகத் தவிக்கும் வகுப்பார் வரவியலாத நாள் அமைந்துவிட்டது. பத்தாயிரத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள ஊராட்சியில் முந்நூறு பேர் கூடினால் சபைக்குக் கோரம் நிறைகிறது. அந்த முந்நூறும் வேலைநாளில் எவரால் நிறையும் என்பதை யூகிப்பது கடினமன்று.

நீரளவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஊரகத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நிலத்தடிச் சாக்கடையுள்ள நகரங்களுக்கு நாட்டில் வகுக்கப்பட்ட அளவு 135 லிட்டர். நல்லூர் நகராட்சி 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த மெஷினில் தைக்கும் இருவரில் ஒருவர் நல்லூரிலும் மற்றவர் முதலிபாளையத்திலும் அறை எடுத்திருந்தால், அவர்கள் இருவருக்கும் அரசு நிர்ணயித்த தாகம் வேறு வேறு. இந்த ஏற்றத்தாழ்வு இயற்கையின் வறுமையால் மட்டும் வந்ததன்று. 1995இல் நிறுவப்பட்ட புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம், பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் கொண்டுவரும் திட்டத்தை 2005இல் நிறைவேற்றியது. சாயப்பட்டறைகளின் தேவையே அதன் உந்துவிசை. நகருக்கும் வழியிலுள்ள கிராமக் குடியிருப்புகளுக்கும் அதில் பங்கு ஒதுக்கப்பட்டது. தொழில் கேட்டபோது ஆறு வெகுதூரம் வந்தது. அத்தொழிலைச் செய்யும் மனிதர்களுக்கு வகுக்கப்பட்ட அளவோ பழைய கிராமத்தின் அளவாகவே நின்றுவிட்டது.

பணமும் பழைய கணக்கிலேயே வந்தது. பதினைந்தாம் நிதிக்குழு உள்ளாட்சி மானியங்களைப் பகிரும்போது 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகையையே முக்கியப் பிரமாணமாகக் கொண்டது. மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டதும் அந்தத் தலைக்கணக்கின்படியே. 2011க்குப் பின் எழும்பிய லைன் வீடுகளின் குப்பையை அள்ளும் தூய்மைக் காவலரின் உழைப்பு, அந்தப் பழைய எண்ணிக்கையை வைத்தே அளக்கப்பட்டது. ஆகவே, சேவை போதாமைக்கு ஊராட்சி ஊழியரைக் குறைகூறுவது பல சமயங்களில் அநியாயம் ஆகும்.

மொழி

தமிழ்நாட்டின் நிர்வாகம் தமிழில் நடக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் நாம் அடைந்த பேறு. அதில் அணுவளவும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அதே வேளையில், குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் அளிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று சாசனத்தின் 350ஆம் விதி கூறுகிறது. ஆட்சியின் மொழி ஒன்றாக இருப்பதும், முறையிடுவோரின் மொழி பலவாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

நம்மால் இது முடியுமா என்ற ஐயத்துக்கு 2023 மார்ச் மாதம் விடையளித்துவிட்டது. வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, அச்சம் மூண்டு, பீகார் அரசின் குழு திருப்பூருக்கு நேரில் வந்து விசாரித்த அந்த நாட்களில், மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இந்தியில் பேசும் உதவி எண்களை அமைத்தன. ஆலைகளுக்கே சென்று தொழிலாளரோடு அவர்கள் மொழியில் பேசின. விரைந்து செய்யப்பட்ட அரிய பணி அது. ஆபத்துக் காலத்தில் கைகூடிய அந்த மொழித்துணை, தண்ணீர் வரும் வேளையையும் குப்பை வண்டி வரும் கிழமையையும் தெரிவிக்கும் ஓர் அறிவிப்புப் பலகையாகச் சாதாரண காலத்தில் தொடராததுதான் குறை.

கேரளத்தில் வேறொரு பாதை எடுத்தார்கள். ஒட்டுப்பலகைத் தொழிலின் மையமான பெரும்பாவூரில், மாநில எழுத்தறிவு இயக்கம் 2017இல் சங்ஙாதி என்னும் திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்க்கு மலையாளம் கற்பிக்க முனைந்தது. வந்தவருக்கு ஊர்மொழியைக் கற்றுக்கொடுப்பது மொழிப்பற்றுக்கும் விருந்தோம்பலுக்கும் ஒருங்கே பொருந்தும் காரியம். திருப்பூரில் லைன் வீட்டுச் சிறுவர்கள் தெருவிலேயே தமிழைக் கற்றுக்கொண்டு, தாய்க்கும் கடைக்காரருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பதை யாரும் காணலாம். அந்தப் பொறுப்பைக் குழந்தையின் தோளில் விட்டுவிடாமல் ஊராட்சிப் பள்ளியின் மாலை வகுப்பு ஏற்றுக்கொள்ளலாம்.

ஆட்சேபங்கள்

இந்த வாதத்துக்கு மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும். அவர்கள் நிலையாக இருப்பவர்கள் அல்லர், தீபாவளிக்கும் சாத் பூஜைக்கும் போனால் திரும்பி வருவார்களோ மாட்டார்களோ என்பது ஒன்று. ஆள் மாறினாலும் அறை காலியாக இருப்பதில்லை என்பதே இதற்கு விடை. குடிநீரையும் கழிவையும் பொறுத்தவரை, பத்து அறைகளில் எப்போதும் பத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. உள்ளூராரின் குரல் அமுங்கிவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். மாநகராட்சியின் குப்பையை முதலிபாளையத்துப் பாறைக்குழியில் கொட்டுவதை எதிர்த்து ஊர்மக்கள் 2025இல் போராடினார்கள். நிலத்தடி நீர் கெடுமானால் அதைக் குடிக்கப் போகிறவர்களில் வாடகைதாரர்களும் இருக்கிறார்கள்; அவர்களும் சபையில் பேசவும் கையொப்பமிடவும் கூடியவர்களாக இருந்தால் ஊரின் குரல் பலப்படுமேயன்றி அமுங்காது.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. பெயரைப் பதிவு செய்யும் ஏடு எதுவும் கண்காணிக்கும் ஏடாக மாறக்கூடும். வெளிமாநிலத்தார் பற்றிய விவரத்தைச் சேகரிக்கும் முயற்சிகள் பெரும்பாலும் காவல் நிலையத்தின் சந்தேகத்திலிருந்தோ, முதலாளியின் பொறுப்பிலிருந்தோதான் தொடங்கியிருக்கின்றன. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் கான்ட்ராக்டரைப் பதிவு செய்யச் சொல்லிற்று, புகைப்படத்தோடு கூடிய கையேடு வழங்கச் சொல்லிற்று. தொழிலாளி வாழும் ஊராட்சிக்கு அதில் முக்கியப் பணி எதுவும் வகுக்கப்படவில்லை. சேவைக்கான ஏடு அவரவர் விருப்பத்தால் அவரவர் வாய்மொழியைக் கொண்டு எழுதப்பட வேண்டும். காவல்துறைக்கு அதைத் தரலாகாது என்று ஊராட்சித் தீர்மானத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இந்தக் காப்பு இல்லாத பதிவைக் காட்டிலும் பதிவின்மையே மேல் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

தமிழ் வாசகர்கள் இவ்விஷயத்தைத் தம் இனத்தாரின் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இலங்கையின் மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களின் லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டு, நெடுங்காலத்துக்குப் பின் குடியுரிமையும் வாக்கும் பெற்றார்கள். வாக்குப் பெற்ற பின்னும் ஸ்தல சேவை அவர்களுக்கு எட்டவில்லை. தோட்டம் கம்பெனியின் பரிபாலனத்திலுள்ள இடம் என்பதால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடத் தடையாக நின்றது. தாங்கள் வாக்களித்துத் தேர்ந்த சபை தங்கள் பாதையைச் செப்பனிட முடியாத நிலை 2018இல் அச்சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. முற்றத்துக்கு உரிமையாளர் யார் என்பதைக் கொண்டு அங்கே வாழ்வோரின் பொதுஉரிமையை அளந்த அந்த விதியை அநீதி என்று உணர்கிற நாம், நம் ஊர் லைன் வீட்டைப் பற்றியும் அதே நீதியைப் பேசக் கடமைப்பட்டவர்கள். சுவீடன் நாடு 1976 முதலே, மூன்றாண்டு வசித்த அந்நிய நாட்டவருக்கும் ஸ்தலத் தேர்தல்களில் வாக்குரிமை அளித்து வந்திருக்கிறது. இங்கே நாம் பேசுவதோ இதே நாட்டின் பிரஜைகளைப் பற்றி.

செய்யத்தக்கவை

உள்ளாட்சியின் பிரதிநிதித்துவமே இன்று நலிந்திருக்கிறது என்பதை மறந்து யோசனை சொல்வதில் பயனில்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. 2016 முதல் 2019 வரையிலும் இதுவே நிகழ்ந்தது. தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சொல்லும் வாய்ப்பு உள்ளூராருக்கும் இல்லாத காலம் இது. நகர விளிம்பு ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைத்துவிட்டால் தீரும் என்பாரும் உண்டு. இணைப்பால் நீரளவு கூடலாம். வரியும் கூடும், ஊரக வேலைத் திட்டம் போகும், அலுவலகம் தொலைவாகும். ஓனரின் பெயரிலுள்ள வரி ஏடோ மாநகராட்சியிலும் அப்படியே தொடரும். ஆதலால் இணைப்பு இவ்வினாவுக்கு விடையாகாது.

சட்டத்தைத் திருத்தாமலே செய்யக்கூடியவை சில உண்டு. தண்ணீர்ச் சபையை மார்ச் 22க்கு அடுத்த ஞாயிறன்று கூட்டலாம். மாதத்தில் இரண்டு ஞாயிறு முற்பகல்களில் ஊராட்சி அலுவலகத்தைத் திறந்து, அதற்கு ஈடாகச் செயலருக்கு வார நாளில் ஓய்வு தரலாம். சபை கூடுவதற்கு முன் வாடகைதாரர்களின் கூட்டம் ஒன்றைத் தொழிற்பேட்டையிலேயே நடத்தி, அவர்கள் கேட்பவற்றைக் கிராமசபையில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றலாம். வாக்குரிமை அற்றவரின் கோரிக்கையைச் சபை விவாதிக்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன இடம் வழங்கிய அதே நியாயத்தைப் பின்பற்றி, தொழிற்பேட்டை உள்ள ஊராட்சிகளில் வாடகைக் குடிகளுக்கும் ஓர் இடம் வழங்குவதைச் சட்டமன்றம் யோசிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக வேண்டுவது குடியிருப்போர் ஏடு. 2027 மார்ச் 1ஆம் நாளை ஆதாரமாகக் கொண்டு நடக்கவிருக்கும் ஜனத்தொகைக் கணக்கு, லைன் வீட்டின் ஒவ்வோர் அறையையும் தனிக் குடும்பமாக எண்ண வேண்டும். ஆனால் அதன் முடிவுகள் மானியமாக மாறி ஊருக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திராமல், தண்ணீர் திறந்துவிடுகிறவரும் தூய்மைக் காவலரும் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் கணக்கைக் காகிதத்தில் இறக்கலாம். எந்த வால்வில் எத்தனை அறைகள், எந்தத் தெருவில் எத்தனை அடுப்புகள் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் ஊராட்சியில் வேறு யாருமில்லை. அதில் பெயர் சேர்க்க விரும்பும் வாடகைதாரருக்கு ஊராட்சி முத்திரையிட்ட ஒரு வசிப்புச் சீட்டைத் தரலாம். கம்பெனியில் தொழில்வரி பிடித்த ரசீதோ சம்பளச் சீட்டோ அதற்குப் போதிய ஆதாரமாகக் கொள்ளப்படலாம். ஓனரின் கையொப்பம் அந்தச் சீட்டில் எங்கும் கேட்கப்படக் கூடாது.